‘எனக்குக் கத்த வராதுப்பா’

கேள்வி:

என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறாள். சர்வீஸ் நன்றாகப் போடுவாள், அண்டர்ஹேண்டில் பந்து எடுப்பதும் சுத்தமாக இருக்கும். ஆனால் கோர்ட்டுக்குள் போய்விட்டால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்கிறாள். போன மாதம் குறுவட்டப் போட்டியில் முதல் செட் போய், இரண்டாவது செட் 23–24 என்று இருந்தது. இவளுக்கும் பக்கத்தில் நின்ற பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கும் நடுவில் சர்வீஸ் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்து நடுவில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து பயிற்சியில் இவளை வெளியே உட்கார வைக்கிறார்கள். "நல்லா ஆடுறா, வாயைத்தான் திறக்க மாட்டேங்கிறா" என்கிறார் பி.டி. டீச்சர். வீட்டில் தம்பியோடு இவள் போடும் சண்டை தெருமுனை வரை கேட்கும். அதைச் சொன்னால், "எனக்கு அங்க கத்த வராதுப்பா" என்கிறாள்.

நானும் ஒரு காலத்தில் ஊர் அணியில் லிஃப்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனாக, ஆடியவன்தான். 15 பாயிண்ட் ஆட்டக் காலம். மேட்ச் என்றால் பவுண்டரியில் நின்று என்னால் முடிந்த அளவு சொல்லிக் கொடுக்கிறேன். இது பிறவிக் குணமா, மாற்ற முடியுமா? வேறு விளையாட்டுகள் மூலம் கூட்டாக ஆடவும் பேசவும் பழக்கலாமா? மொபைலில் அணியாக ஆடும் கேம் உதவும் என்கிறான் மகன். பேசாமல் பேட்மிண்டனில் சேர்த்துவிடவா?

– ஒரு தந்தை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

வணக்கம் ஐயா. 28 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். உங்கள் மகளைப் போன்ற பிள்ளை இல்லாத ஆண்டு என்று எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. எல்லா அணியிலும் ஒருத்தி இருப்பாள். பெரும்பாலும் பந்தைச் சுத்தமாக எடுப்பவளாகவே இருப்பாள்.

தெருமுனை வரை கேட்கும் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் குரலில் குறை இல்லை. பிறவிக் குணம் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். வீட்டில் இருக்கும் குரல் ஏன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வர மறுக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

வாலிபாலில் 'நான்' என்று கூவுவதைச் சத்தம் போடுவது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது கையெழுத்துப் போடுவது மாதிரி. 'இந்தப் பந்து விழுந்தால் என்னைக் கேளுங்கள்' என்று எழுதிக் கொடுக்கிற வேலை அது. கூவிவிட்டுத் தவறவிட்டால் முழுப் பழியும் அவளுக்கு. கூவாமல் நின்று நடுவில் விழுந்தால் பழி பாதி, சில நேரம் பக்கத்தில் நின்றவளுக்கே முழுசாகப் போய்விடும். இந்தக் கணக்கு 13 வயதில் நன்றாகவே புரியும். உங்கள் மகள் விவரம் தெரியாமல் சும்மா நிற்கவில்லை, விவரம் தெரிந்ததால்தான் நிற்கிறாள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஒரு பிள்ளைதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஒரு மாவட்டப் போட்டி. ஒரு பெண் 'நான் நான்' என்று கூவிக்கொண்டு ஓடிவந்து, பந்து மணிக்கட்டில் பட்டுச் சிதறிப் பந்தலுக்குள் போய்விட்டது. நான் வெளியே இருந்து, "எடுக்க முடியாதவ எதுக்குடி நான்னு கத்துற?" என்று திட்டினேன். மைதானம் முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் அந்த மேட்சில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. திட்டு வாங்கியவள் மட்டுமில்லை, ஆறு பேரும். வரும் வழியில் பஸ்ஸில் அணித் தலைவி கேட்டாள்: "டீச்சர், இனிமே கூப்பிடணுமா, வேண்டாமா?" பதில் சொல்லத் தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் மகளின் அணியிலும் அப்படி ஏதாவது நடந்திருக்கலாம். அவளுக்கே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, பார்த்திருந்தாலும் போதும். மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 'ஏன் கூப்பிடல' என்று கேட்காதீர்கள். "கூப்பிட்டு மிஸ் பண்ணினா உங்க டீம்ல என்ன ஆகும்?" என்று கேளுங்கள். வருகிற பதில் உங்களுக்கும் உதவும், அந்த டீச்சருக்கும் உதவும்.

இதில் உங்கள் காலத்துக்கும் இவள் காலத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் ஆடிய 15 பாயிண்ட் ஆட்டத்தில் சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட். எதிரணி சர்வீஸில் நாம் ஒரு தப்புச் செய்தால் அவர்களுக்குப் பாயிண்ட் ஏறும், அவர்கள் தப்புச் செய்தால் நமக்கு சர்வீஸ் மட்டும்தான் மாறும். இழுத்துக்கொண்டே போகும், மூச்சு வாங்க இடம் இருக்கும். 1990-களின் கடைசியில் 25 பாயிண்ட் ராலி முறை வந்தபிறகு ஒவ்வொரு பந்தும் யாரோ ஒருவர் கணக்கில் விழுந்தே தீரும். தப்புக்கு உடனே விலை. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆட்டமே அதுதான்.

அடுத்தது, அக்கா சமாச்சாரம். பக்கத்தில் நின்றவள் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பாதி விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. பத்தாம் வகுப்பு அக்கா நிற்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை 'நான்' என்று குறுக்கே பாய்வது நம் ஊர் வழக்கப்படி அதிகப்பிரசங்கித்தனம். 'அக்கா, நீங்க விடுங்க' என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து தரையில் இருக்கும். அந்த வயசுப் பிள்ளைகளின் சர்வீஸ் கையை விட்டு வந்து சேர ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு நொடி. அதற்குள் 'ங்க' சேர்க்க நேரமில்லை.

என் அணிகளில் ஒரு விதி வைத்திருந்தேன். கோட்டுக்குள் அக்கா கிடையாது, கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் அக்கா. முதல் வாரம் சின்னப் பிள்ளைகள் சிரித்தே செத்தார்கள், பெரிய பிள்ளைகளில் இரண்டு பேருக்கு முகம் கோணியது. அதனால் இதைப் பழக்கும் வேலையைப் பெரியவர்களிடமே கொடுத்தேன். சின்னவள் கூப்பிடாமல் பந்தைத் தொட்டால், பக்கத்து அக்கா "சொல்லுடி!" என்று கேட்க வேண்டும். அக்காவே கேட்டுவிட்ட பிறகு சின்னவளுக்குத் தடை ஏது?

'பொம்பளப்புள்ள, சத்தமாப் பேசாதே' என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பாட்டிமார்கள் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். 13 வயதில் இந்தப் பேச்சு திடீரென்று அதிகமாகும். மைதானத்தில் ஐம்பது பேர் வேடிக்கை பார்க்கிற இடத்தில் அந்த வாக்கியம்தான் தொண்டையில் வந்து நிற்கும்.

சரி, பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் முதலில் முடிவெடுத்திருக்க வேண்டும். முடிவெடுக்க, பந்து எங்கே வரும் என்று கண் சொல்லியிருக்க வேண்டும். வாலிபால் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்க முடியாத ஆட்டம். கால்பந்தில் காலடியில் நிறுத்திக்கொண்டு சுற்றிலும் பார்க்கலாம், கூடைப்பந்தில் தட்டிக்கொண்டே பார்க்கலாம். இங்கே தொடுவதற்கு முன்பே எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். பந்து தலைக்கு மேல் வந்தபிறகுதான் 'இது எனக்கா?' என்று யோசிக்கிற பிள்ளைக்கு, எவ்வளவு தைரியம் இருந்தாலும் குரல் வராது. சொல்ல அவளிடம் இன்னும் ஒன்றும் இல்லையே.

இதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று, பந்தைச் சில தடவை அவளுக்கு முன்னாலும் சில தடவை தலைக்குப் பின்னாலும் தூக்கிப் போடுங்கள். அவள் பிடிக்க வேண்டாம். பந்து உங்கள் கையை விட்ட உடனே 'முன்' அல்லது 'பின்' என்று சொன்னால் போதும். பந்து உச்சிக்குப் போகும் முன்பே சொல்கிறாளா, இறங்கும்போது சொல்கிறாளா என்று பாருங்கள். இறங்கும்போதுதான் சொல்கிறாள் என்றால் பிரச்சினை வாயில் இல்லை, கண்ணில் இருக்கிறது. எதிராளியின் கையையும் தோளையும் பார்க்கப் பழக்க வேண்டும். தினம் இருபது பந்து போட்டால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

வார்த்தைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் கிராமத்து மைதானங்களில் 'விடு', 'எடு' இரண்டையும் சரளமாகக் கத்துவார்கள். அர்த்தம் நேர் எதிர், ஓசை கிட்டத்தட்ட ஒன்று. கூட்டமும் காற்றும் இருக்கும் இடத்தில் 'டு' மட்டும்தான் காதில் விழும். பந்து வெளியே போகிறது என்று ஒருத்தி 'விடு' என்பாள், மற்றவள் 'எடு' என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுவாள். கிரிக்கெட்டில் ஓட்டத்துக்குக் கூப்பிடும்போது 'யெஸ், நோ, வெயிட்' மூன்றோடு நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். 'கோ' என்று சேர்த்தால் 'நோ' மாதிரி கேட்டு ரன் அவுட்டில் முடியும். என் பிள்ளைகளுக்கு நான் வைத்தது இரண்டே சொல்: 'நான்', 'அவுட்'. 'நான்' என்பதில் நெடில் இருக்கிறது, இழுத்துக் கூவ வசதி. தன் பந்து இல்லையென்றால் சும்மா இருக்கட்டும். 'எடு' என்று அடுத்தவளுக்கு உத்தரவு போட வேண்டாம்.

எப்போது சொல்ல வேண்டும்? பந்து வலையைத் தாண்டும் முன். எத்தனை தடவை? இரண்டு அல்லது மூன்று. ஒற்றை 'நான்' கேட்காமல் போகும்.

அப்புறம், சர்வீஸுக்கு முன்னால் பேசும் பேச்சு. நன்றாகப் பேசும் அணி என்று நாம் நினைக்கும் அணிகள் பந்து காற்றில் இருக்கும்போது மிகக் குறைவாகத்தான் பேசும். தங்கள் பக்கத்து 9 மீட்டருக்கு 9 மீட்டர் இடத்தை முன்கூட்டியே பங்கு போட்டிருக்கும். 'நமக்கு நடுவில் நீளமாக வந்தால் நீ, குட்டையாக வந்தால் நான்' என்று ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து விரலை நீட்டிக் காட்டிவிட்டால் போதும். உங்கள் மகளுக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் 23–24-ல் விழுந்த பந்து கூவாததால் விழுந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த இடம் யாருடையது என்று யாரும் சொல்லி வைக்காததால் விழுந்தது என்று நான் சொல்வேன். அது எட்டாம் வகுப்புப் பிள்ளை தலையில் மட்டும் போடவேண்டிய தப்பு கிடையாது.

கூச்சம் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு இந்த விரல் காட்டுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பீச் வாலிபாலில் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல், இரண்டு விரல் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரணியின் அடியைத் தடுக்க எந்தப் பக்கம் பிளாக் போடப்போகிறேன் என்று கூட்டாளிக்குச் சொல்வது அது. காது கேளாதோர் ஒலிம்பிக்கில் வாலிபால் உண்டு. காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லாரும் ஆட வேண்டும். கண்ணாலும் கையாலும் பேசியே முழு ஆட்டம் நடக்கிறது. கை பழகிவிட்டால் குரல் தானாக வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கையே காட்டாத பிள்ளையை விட, கை காட்டுகிற பிள்ளையிடம் குரலை வரவழைப்பது எளிது.

இனி நீங்கள் கேட்ட விளையாட்டுகள். பெரிய பட்டியல் தர மாட்டேன்.

முதலில் கோ-கோ. இவளுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி ஆட்டம். எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் இந்தப் பக்கமும் அடுத்தவர் அந்தப் பக்கமும் முகம் திருப்பி உட்கார்ந்திருப்பார்கள். துரத்துகிறவள் பின்னாலிருந்து வந்து முதுகைத் தட்டி, சத்தமாக 'கோ' சொன்னால்தான் உட்கார்ந்திருப்பவள் எழலாம். சொல்லாமல் தட்டினால் தப்பு, கேட்காமல் எழுந்தால் தப்பு. வாயைத் திறப்பது இங்கே விதியிலேயே இருக்கிறது. அதனால் கூச்சப்பட இடமே இல்லை. எல்லாரும் கத்துகிறார்கள், கத்தினால்தான் ஆட்டம். கபடியிலும் இப்படித்தான், பாட்டை நிறுத்தினால் அவுட். ரைடு போவதை எங்கள் பக்கம் 'பாடிப் போறது' என்றே சொல்வோம். வாரத்தில் ஒரு நாள் வாலிபால் பயிற்சியின் முதல் பதினைந்து நிமிடம் கோ-கோ ஆட விடச் சொல்லி டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். ஓட்டப் பயிற்சியும் ஆயிற்று.

இரண்டாவது, நானே கணக்கை மாற்றி ஆடவைத்த ஒன்று. ஐந்தாறு பிள்ளைகள் ஒரு சின்ன இடத்தில் சிதறி நிற்க வேண்டும். ஒருவர் பந்தை உயரமாகத் தூக்கிப் போடுவார். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஆனால் 'நான்' சொன்னபிறகுதான். சொல்லிப் பிடித்தால் இரண்டு பாயிண்ட். சொல்லாமல் பிடித்தால் பூஜ்யம். சொல்லித் தவறவிட்டால் ஒரு பாயிண்ட்.

கடைசி விதியைப் படித்துவிட்டு உங்களைப் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். 'தவறவிட்டதுக்குப் பாயிண்டா?' ஆமாம். முன்னே சொன்ன பழிக் கணக்கைத் தலைகீழாக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். பஸ்ஸில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பல வருடம் கழித்து நான் கண்டுபிடித்த பதில் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் ஒரு வாய்மூடிப் பிள்ளை முதல் நாள் மூன்று நான்கு தடவை தவறவிட்டே பாயிண்ட் எடுப்பாள், சிரிப்பாள். இரண்டாவது வாரத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் 'நான்' என்று முட்டிக்கொள்வார்கள். அது நல்ல அடையாளம். அப்போது 'முதலில் சொன்னவளுக்குத்தான் பந்து, மற்றவள் அவளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்' என்ற விதியைச் சேருங்கள். விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கிறாளே, அதுதான் கூட்டு ஆட்டம். பந்து சிதறினால் எடுக்க அவள் அங்கே தயாராக இருப்பாள்.

மூன்றாவது, உறியடி. பொங்கல் விழாவில் பானை உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணைக் கட்டி மூன்று சுற்று சுற்றி விடுவார்கள். சுற்றி நிற்கும் இருநூறு பேரும் 'வலதுல, வலதுல', 'இடது பக்கம்டா', 'பின்னாடி வா' என்று கத்துவார்கள். பாவம் அவன், ஒன்றும் புரியாமல் ஸ்பீக்கர் கம்பத்தை அடித்துவிட்டு வருவான். கத்துவதும் சொல்வதும் வேறு வேறு என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இதை வீட்டு மாடியிலோ கொல்லையிலோ வைத்துக்கொள்ளலாம். கம்புக்குப் பதில் சுருட்டிய செய்தித்தாள்.

முதல் சுற்றில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கத்தலாம். இரண்டாவது சுற்றில் ஒருவர் மட்டும், அது உங்கள் மகள். மூன்றாவது சுற்றில் 'வலது', 'இடது', 'நில்', 'அடி' இந்த நான்கு சொல் மட்டும். நான்காவது சுற்றில், கண் கட்டியவர் ஒவ்வொரு சொல்லுக்கும் 'சரி' என்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகரலாம். இந்தச் 'சரி'யை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் சொல்லப் பழகிவிடுவார்கள், கேட்டேன் என்று காட்டத்தான் பழக மாட்டார்கள். தன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நடக்கிறார் என்று கண்ணெதிரே பார்க்கும் பிள்ளைக்குத் தன் குரல்மேல் வருகிற நம்பிக்கை, நாம் நூறு தடவை 'தைரியமா இரு' என்று சொல்லி வராது.

ஏழாங்கல் ஆடினாலும் நல்லதுதான். ஒருத்தி கல் அடுக்கும்போது மற்றவர்கள் பந்து எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளியில் முடிந்தால் பத்துப் பாயிண்ட் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அடுத்த பத்துப் பாயிண்ட் பேசி என்று ஆடவைத்துவிட்டு, எந்த இடத்தில் பேச்சு இல்லாமல் கஷ்டமாக இருந்தது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.

மொபைல் கேம் பற்றி உங்கள் மகன் சொன்னதை நான் முழுக்க மறுக்கவில்லை. நான்கு பேர் அணியாக ஆடும் அந்த ஆட்டங்களில் பையன்கள் மைக்கில் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். 'கிழக்குல ரெண்டு பேர், மாடி மேல' என்று எங்கே, எத்தனை எல்லாம் ஐந்தே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். மைதானத்தில் நாம் தலைகீழாக நின்று கேட்பது அதைத்தான். ஆனால் அங்கே தப்புச் செய்தால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, இவளுக்கு இருக்கும் சிக்கலே அந்த முகங்கள்தான். தெரிந்த தோழிகளோடு மட்டும், நேரம் வைத்து ஆடினால் கெடுதல் இல்லை. முகம் தெரியாதவர்களோடு மைக் திறந்து பேச 13 வயதுப் பிள்ளையை விடாதீர்கள். வாலிபாலுக்கு இது பயிற்சி என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இப்போது உங்களைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பவுண்டரியில் நின்று 'என்னால் முடிந்த அளவு' சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் லிஃப்டர். லிஃப்டர் என்றால் அணியிலேயே அதிகம் பேசுகிற ஆள், உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மகளின் காதுக்கு மைதானத்தில் முதலில் எட்டுகிற குரல் அப்பாவின் குரல்தான். நீங்கள் 'எடு, எடு' என்றால் அவள் காத்திருப்பது உங்கள் வார்த்தைக்காக. பக்கத்தில் நிற்கும் பெண்ணை அவள் கேட்கப்போவதில்லை, தானாகவும் முடிவெடுக்கப்போவதில்லை. உறியடியில் கத்துகிற இருநூறு பேரில் நீங்கள் ஒருவர். அடுத்த இரண்டு மேட்சுக்கு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். கஷ்டம்தான், எனக்கும் கஷ்டமாக இருந்தது. நான் வாயில் விசிலைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ராத்திரி சாப்பிடும்போது 'ஜெயிச்சீங்களா', 'எத்தனை பாயிண்ட்' என்பதற்குப் பதிலாக "இன்னைக்கு எத்தனை தடவை 'நான்' சொன்னே?" என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள், முகத்தில் எதுவும் காட்டாதீர்கள். இரண்டு என்றால், அந்த இரண்டு பந்தும் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

டீச்சரைப் போய்ப் பார்ப்பது நல்லது. 'என் பிள்ளையை ஏன் உட்கார வைத்தீர்கள்' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இவளுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஸ்கோரை உரக்கச் சொல்வது, வெளியே போகும் பந்துக்கு 'அவுட்' கூப்பிடுவது, இப்படி ஏதாவது. வெளியே நின்று கூப்பிடும்போது பழி கிடையாது, கண்ணும் பழகும், குரலும் பழகும். பந்து எடுப்பதில் சுத்தமான பிள்ளையைச் சும்மா உட்கார வைக்க எந்த டீச்சருக்கும் மனசு வராது. அவர்களுக்கும் குறுவட்டப் போட்டியில் ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காதைப் பரிசோதித்துவிடுங்கள். ஒரு காது மட்டும் சரியாகக் கேட்காத பிள்ளை வீட்டில் எந்தக் குறையும் தெரியாமல் இருப்பாள். திறந்த மைதானத்தில் எந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது என்று பிடிபடாமல் நின்றுவிடுவாள். 'திமிர் பிடிச்சவ, கூப்பிட்டா திரும்ப மாட்டா' என்று ஒரு பிள்ளையை நாங்கள் ஒரு வருடம் முழுக்கத் தப்பாக நினைத்திருந்தோம். கடைசியில் இடது காதில் பழைய சீழ் பிரச்சினை. அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டினால் போதும். கண்ணையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மைதானத்தில் மட்டுமில்லாமல் வகுப்பிலும் மாதக்கணக்கில் யாரிடமும் பேசுவதில்லை என்றால், குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்க வேண்டும். அது விளையாட்டில் சரியாகிற விஷயம் இல்லை.

பேட்மிண்டன்? அவளே ஆசைப்பட்டுக் கேட்டால் தாராளமாகச் சேருங்கள். பேச வேண்டாம் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். பள்ளி அணியில் ஒற்றையர் ஆடுபவளையும் இரட்டையருக்கு நிறுத்துவார்கள். அங்கேயும் நடுவில் ஒரு பந்து வரும், பக்கத்தில் ஒருத்தி நிற்பாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உறியடியில் ஆரம்பியுங்கள். மண்பானை தேவையில்லை, பழைய பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கொடிக்கயிற்றில் கட்டினால் போதும். கண் கட்டும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். மகள் 'நில்' என்றால் நில்லுங்கள், குடம் இன்னும் தள்ளி இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினாலும்.